மணிக்கட்டுக்கு ஒரு சட்டம்

உழைப்பும் சட்டமும் – 14

சென்ற அத்தியாயத்தை 1844-ம் ஆண்டின் பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். சுழலும் சக்கரங்களுக்கு வேலி போடச் சொன்ன சட்டம் அது. அதை நடைமுறைப்படுத்துவதில் ஒரு வசதி இருந்தது. விபத்து கண்ணுக்குத் தெரியும். விரல் பல்சக்கரத்தில் மாட்டினால் எந்த இயந்திரம், எந்த நேரம் என்று சாட்சி சொல்லப் பக்கத்தில் ஆள் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் வேலி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுதிக்கொண்டு போகலாம்.

அலுவலக மேசையில் ரத்தம் வருவதில்லை. ஒரு நாள் சாயங்காலம் காபி டம்ளரைத் தூக்கும்போது கையில் பிடிமானம் இல்லை என்று தெரியவரும். பிறகு கதவுக் குமிழைத் திருகுவது வேதனையாகும். இரவில் விரல்கள் மரத்துப்போகும். எந்தத் தேதியில், எந்த எழுத்தைத் தட்டியபோது இந்தக் காயம் பட்டது என்று எந்த நீதிபதி கேட்டாலும் பதில் கிடையாது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து உழைக்கிறவர்களுக்குச் சட்டம் செய்யக் கிளம்பிய நாடுகள் எல்லாமே முட்டிக்கொண்ட இடம் இதுதான்.

வலி மட்டும் புதிதல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி, தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700-ல் மோடெனா நகரில் ஒரு நூல் வெளியிட்டார். 1713-ல் அதை விரித்து எழுதியபோது, கணக்குப்பிள்ளைகளையும் எழுத்தர்களையும் சேர்த்துக்கொண்டார். அவர்களுடைய துன்பத்துக்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது, கணக்குத் தவறிவிடக் கூடாதே என்று மனம் எந்நேரமும் இறுகிக் கிடப்பது. வலக்கை முடங்கிப்போன ஒரு எழுத்தர் இடக்கையால் எழுதப் பழகியதையும், கொஞ்ச நாளில் அந்தக் கையும் முடங்கியதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். மூன்றாவது காரணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த சட்டங்களில் பெரும்பாலும் காணாமல் போனது அதுதான்.

இருநூறு ஆண்டு கழித்து பிரிட்டனில் தந்தி அலுவலகங்களில் அதே கதை. மோர்ஸ் கட்டையை நாளெல்லாம் தட்டிய ஊழியர்களுக்குக் கை இழுத்துக்கொண்டது. 1908-ல் தந்தி ஊழியரின் கைப்பிடிப்பு, இழப்பீடு பெறத்தக்க தொழில்நோய்களின் பட்டியலில் இடம்பிடித்தது. விண்ணப்பங்கள் பெருகவும் அஞ்சல் துறை ஒரு குழு போட்டது. ஒரே அசைவு திரும்பத் திரும்ப நடப்பதால் வரும் களைப்பு ஒரு காரணம், ஊழியரின் நரம்புப் பலவீனம் இன்னொரு காரணம் என்று 1911-ல் அந்தக் குழு சொன்னது. வேலை பாதிப் பழியை ஏற்றுக்கொண்டது. மீதியை ஊழியரின் உடல்வாகு சுமந்தது. அடுத்த எண்பது ஆண்டுக்கு நீதிமன்றங்களில் நடந்த வாதமெல்லாம் இந்த இரண்டு வரிக்குள் அடக்கம்.

1970-களில் பத்திரிகை அலுவலகங்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் விமான டிக்கெட் கவுன்ட்டர்களுக்கும் திரை வந்து சேர்ந்தது. கூடவே அச்சமும் வந்தது. ஆனால் கையைப் பற்றிய அச்சம் அல்ல அது. திரைக்குப் பின்னால் தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்த அதே கேதோடு கதிர்க் குழாய். அதிலிருந்து என்ன வெளியேறுகிறது என்ற கேள்வி. 1977-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் இளம் உதவி ஆசிரியர்கள் இருவருக்குக் கண்புரை இருப்பது தெரிந்து, பத்திரிகை ஊழியர் சங்கம் விஷயத்தைக் கையில் எடுத்தது. அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் வந்து அளந்து பார்த்து, கதிர்வீச்சு ஆபத்தான அளவில் இல்லை என்றது. 1979-80-ல் கனடாவின் டொரன்டோ ஸ்டார் நாளிதழில் வரி விளம்பரப் பிரிவில் திரை முன் வேலை பார்த்த கர்ப்பிணிகளில் நான்கு பேருக்குக் குறைபாட்டுடன் குழந்தைகள் பிறந்தன. இந்தச் செய்தி அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பரவியது.

அன்றைய பெண் ஊழியர்களின் இடத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். டைப்பிஸ்டாக, டெலிபோன் ஆபரேட்டராக, டேட்டா என்ட்ரி ஊழியராகத் திரை முன் அமர்த்தப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். கழுத்து வலிக்கிறது என்று சொன்னால் மேலாளர் சிரித்தார். கருவுக்கு ஆபத்து என்றபோதுதான் பத்திரிகைகள் வந்தன, சட்டமன்றங்கள் கூடின. 1973-ல் பாஸ்டனில் அலுவலகப் பெண்கள் தொடங்கிய ‘நைன் டு ஃபைவ்’ அமைப்பு இந்தக் கோரிக்கையைத் தேசிய அளவுக்குக் கொண்டுபோனது.

1988-ல் கலிஃபோர்னியாவில் 1,583 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் திரை முன் இருந்தவர்களிடம் கருச்சிதைவு கூடுதலாகத் தெரிந்தது. வேலைப் பளுவும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை தலைப்புச் செய்தியாகவில்லை.

சந்தேகம் தீர மூன்று ஆண்டு ஆனது. தொழில்நல ஆய்வு நிறுவனம் இரண்டு வகை டெலிபோன் ஆபரேட்டர்களை ஒப்பிட்டது. ஒரு சாரார் திரையைப் பார்த்து எண் சொல்பவர்கள். மற்றவர்கள் ஏறக்குறைய அதே வேலையைத் திரை இல்லாமல் செய்தவர்கள். 730 பெண்கள், 882 கர்ப்பங்கள். இரு பிரிவுக்கும் கருச்சிதைவில் வித்தியாசம் இல்லை என்று 1991-ல் முடிவு வெளியானது. பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதற்குள் பயம் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது.

சுவீடனில் அது செய்த வேலை உருப்படியானது. அங்கே எழுத்தர்கள், அலுவலர்களின் கூட்டமைப்பான டிசிஓ, அரசு சட்டம் போடட்டும் என்று காத்திருக்கவில்லை. அரசின் அளவீட்டு அமைப்பு 1987-லும், பிறகு 1990-ல் இன்னும் விரிவாகவும், திரையிலிருந்து 50 சென்டிமீட்டர் தூரத்தில் மின்காந்தப் புலம் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வகுத்தது. 1992-ல் டிசிஓ அந்த வரம்பை இறுக்கித் தன் பெயரிலேயே ஒரு முத்திரையை வெளியிட்டது. சுவீடன் சந்தை சின்னது. ஆனாலும் அங்கே விற்க ஒரு மாடல், மற்ற நாடுகளுக்கு வேறு மாடல் என்று செய்வதைவிட, எல்லாவற்றையும் முத்திரைக்கு ஏற்பவே செய்துவிடுவது தயாரிப்பாளருக்கு லாபம். ஒரு தொழிற்சங்கத்தின் ஸ்டிக்கர் உலகமெங்கும் மானிட்டரின் மூலையில் ஒட்டிக்கொண்டு போனது அப்படித்தான். நம்மூர் அலுவலகங்களுக்கு வந்த மானிட்டர்களிலும் அது இருந்தது. அது தொழிற்சங்க முத்திரை என்று அறிந்து பார்த்தவர்கள் இங்கே குறைவு. அதற்கு மேலே கொக்கி போட்டு ஒரு ஃபில்டர் கண்ணாடியை நாம் மாட்டிக்கொண்டோம். கண்ணுக்கு நல்லது என்றார் கடைக்காரர்.

அமெரிக்காவில் கதை வேறு. மத்திய அரசு அசையாதபோது உள்ளாட்சிகள் முயன்று பார்த்தன. நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுன்ட்டி 1988-ல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. தனியார் நிறுவனங்களின் கம்ப்யூட்டர் திரை வேலையை ஒழுங்குபடுத்திய முதல் அமெரிக்கச் சட்டம் அது. 20 திரைகளுக்கு மேல் உள்ள நிறுவனம். வாரத்தில் 26 மணி நேரத்துக்கு மேல் திரை முன் உழைப்பவர். அவருக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிட ஓய்வு, ஏற்றி இறக்கக்கூடிய நாற்காலி, கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும் 80 சதவீதச் செலவு முதலாளியுடையது. கவுன்ட்டியின் நிர்வாகத் தலைவர் பேட்ரிக் ஹால்பின் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தித் தடுத்தார். மன்றம் மறுபடி வாக்களித்து அவரைத் தாண்டிப் போனது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. தொழிலாளர் பாதுகாப்பு மாநில அரசின் விஷயம், கவுன்ட்டிக்கு அதில் அதிகாரம் இல்லை என்று 1989 இறுதியில் சட்டம் செல்லாததாக்கப்பட்டது.

1990 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ மேயர் ஆர்ட் அக்னோஸ் இதேபோல் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், இரண்டு மணி நேரத் திரை வேலைக்கு 15 நிமிட ஓய்வோ மாற்று வேலையோ தர வேண்டும். 1992-ல் நீதிமன்றம் அதையும் தள்ளியது. காரணம் அதேதான்: இது மாநிலத்தின் அதிகாரம், நகரத்தினுடையது அல்ல.

இந்த இரண்டு தீர்ப்புகளிலும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. ஊழியருக்கு வலிக்கிறதா இல்லையா என்று இரண்டும் சொல்லவில்லை. ஓய்வு தேவையா என்ற கேள்விக்கே போகவில்லை. அதிகாரம் யாருடையது என்பதோடு முடிந்துபோனது. அதே சமயம், ஓய்வுக்கு நிமிடக் கணக்கு போட்ட சட்டங்கள் என்று இந்த வரலாற்றில் எடுத்துக்காட்ட எனக்குக் கிடைப்பவை முக்கியமாக இந்த இரண்டும்தான். இரண்டும் நிலைக்கவில்லை.

நிமிடக் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டும். 1980-களின் முதல் பாதியில் அந்த நாட்டு அலுவலகங்களில் கைவலிப் புகார்கள் வெள்ளமாக வந்தன. கங்காருப் பாதம் என்று பத்திரிகைகள் கேலிப்பெயர் வைத்தன. டெலிகாம் ஆஸ்திரேலியாவில் மட்டும் 1981 முதல் 1985 வரை கிட்டத்தட்ட 4,000 புகார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது விசித்திரமான ஒன்று தெரிந்தது. மணிக்கு 12,000 தட்டலுக்கு மேல் தட்டிய தந்தி ஊழியர்களிடம் புகார் குறைவு. மணிக்குச் சில நூறு முறையே தட்டிய டெலிபோன் ஆபரேட்டர்களிடம்தான் மிக அதிகம். எனவே எல்லாம் மனப்பிரமை என்று ஒரு கூட்டம் முடிவு கட்டியது. நான் இதை அப்படிப் படிக்கவில்லை. ஆபரேட்டர்களின் வேலையை எண்ணிப் பாருங்கள்: அழைப்பு எப்போது வரும் என்பது அவர்கள் கையில் இல்லை. காதில் ஹெட்செட், மறுமுனையில் கோபக்காரர், எழுந்து நடக்க அனுமதி கிடையாது. ரமஸ்ஸினியின் மூன்றாவது காரணம் இங்கே வந்து நிற்கிறது. வலி தட்டலின் எண்ணிக்கையில் மட்டும் இருந்தால் நல்ல கீபோர்டு வாங்கிக் கொடுத்துத் தீர்த்துவிடலாம். வேலையின் வேகத்தையும் அதன் மீது ஊழியருக்கு உள்ள பிடியையும் சார்ந்தது என்றால், முதலாளியின் நிர்வாகத்துக்குள்ளேயே சட்டம் கை வைக்க வேண்டிவரும். 1987-ல் ஆஸ்திரேலிய அரசின் மீது ஒரு ஊழியர் தொடுத்த வழக்கு தோற்றது, புகார்களும் வடிந்தன.

ஐரோப்பா வந்த வழி இவை எல்லாவற்றையும்விட நேரானது. 1990 மே 29 அன்று ஐரோப்பிய சமூகத்தின் அமைச்சர் மன்றம் காட்சித் திரை வேலை பற்றி ஒரு நெறிமுறையைப் பிறப்பித்தது. 1992 முடிவதற்குள் உறுப்பு நாடுகள் அதைத் தத்தம் சட்டமாக்க வேண்டும். அதற்குப் பின் வரும் புதிய மேசைகள் உடனே விதிக்கு ஏற்ப இருக்க வேண்டும். பழைய மேசைகளுக்கு நான்கு ஆண்டு தவணை.

இதன் பின்னிணைப்பைப் படித்தால், அலுவலகத்தில் உட்கார்ந்து அவதிப்பட்ட யாரோ எழுதியது போலவே இருக்கும். எழுத்து துடிக்கக் கூடாது. திரை சாய்க்கவும் திருப்பவும் வர வேண்டும். கீபோர்டு திரையோடு ஒட்டியிராமல் தனியாக இருக்க வேண்டும். அதன் மேற்பரப்பு பளபளக்கக் கூடாது. அதற்கு முன்னால் கையை ஊன்ற இடம் வேண்டும். நாற்காலியின் உயரம், முதுகுச் சாய்மானம் இரண்டும் மாற்றக்கூடியவை. கால் வைக்கும் பலகை கேட்டவருக்குக் கொடுக்கப்பட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளி தவிர மற்றக் கதிர்வீச்சு எல்லாம் பொருட்படுத்த வேண்டாத அளவுக்குக் குறைக்கப்பட வேண்டும் என்ற வரியும் உண்டு. டொரன்டோவின் நிழல் அது. திரை வேலையைத் தொடங்கும் முன்பும், பிறகு அவ்வப்போதும், கண்ணில் தொந்தரவு என்று சொன்னபோதும் கண் பரிசோதனை ஊழியரின் உரிமை. திரைக்கென்று தனிக் கண்ணாடி தேவைப்பட்டால் அதற்கு அவர் கையிலிருந்து காசு போகக் கூடாது.

இன்னொரு வரி உண்டு, அதிகம் பேசப்படாதது. ஊழியருக்குத் தெரியாமல் அவர் வேலையின் அளவையோ தரத்தையோ கணக்கெடுக்கும் எந்த ஏற்பாட்டையும் மென்பொருளுக்குள் வைக்கக் கூடாது. எத்தனை தட்டினார், எத்தனை நிமிடம் சும்மா இருந்தார் என்று ஒளிந்திருந்து எண்ணும் வேலை கூடாது என்று 1990-லேயே, நாற்காலி உயரம் பேசும் அதே பின்னிணைப்பில் எழுதி வைத்தார்கள். தெரிவித்துவிட்டு எண்ணலாமா என்றால், இந்த வரி அதைத் தடுக்கவில்லை.

பலவீனம் 7-ம் பிரிவில் இருக்கிறது. திரை வேலையை அவ்வப்போது ஓய்வாலோ மாற்று வேலையாலோ இடைமறிக்கும்படி முதலாளி வேலையைத் திட்டமிட வேண்டும் என்கிறது அது. அவ்வப்போது என்றால் எப்போது? ஓய்வு எவ்வளவு? எண் இல்லை. பேரம் பேசிப் பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட வேண்டிய ஆவணத்தில் எண் போடுவது கடினம் என்பது புரிகிறது. அளவுநாடா வைத்து அளக்கக்கூடியது எல்லாம் பின்னிணைப்பில் நுணுக்கமாக இடம்பெற்றுவிட்டது. அளக்கச் சிரமமானது மட்டும் ஒற்றை வாக்கியத்தில் நின்றது.

அந்த ஒற்றை வாக்கியம் நீதிமன்றத்தில் எப்படி ஆடியது என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. நெறிமுறைக்கு ஏற்ற பிரிட்டிஷ் விதிகள் 1993 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தன. அதற்குச் சற்று முன் 1991 டிசம்பரில் பிரிட்டிஷ் டெலிகாமின் டேட்டா என்ட்ரி ஊழியர்கள் இருவர் தங்கள் கைவலிக்கு இழப்பீடு வென்றிருந்தார்கள். மோசமான நாற்காலியும், தட்டல் வேகத்தைக் கண்காணித்த நிர்வாகமும் அங்கே பேசப்பட்டன. ஆனால் 1993 அக்டோபரில், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் பத்திரிகையாளர் ஒருவர் போட்ட வழக்கில் நீதிபதி ஜான் ப்ரோசர் திரும்பத் திரும்ப அசைவதால் வரும் காயம் என்ற நோய்ப்பெயருக்கு மருத்துவ நூல்களில் இடமே இல்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார். வலியால் வேலையை விட்ட எத்தனையோ பேருக்கு அந்தச் செய்தி காலை நாளிதழில் வந்த அறை.

1998-ல் பிரபுக்கள் சபை வரை போன இன்னொரு வழக்கு இன்னும் நுட்பமானது. ஐசிஐ நிறுவனத்தின் செயலாளர் ஒருவர். நாளின் பெரும்பகுதி டைப்பிங். அதே நிறுவனத்தில் முழுநேர டைப்பிஸ்டுகளுக்கு இடையிடையே ஓய்வெடுக்கும்படி சொல்லப்பட்டிருந்தது, செயலாளருக்குச் சொல்லப்படவில்லை. அவருக்கு வேறு வேலைகளும் இருந்தன, நேரத்தை அவரே மாற்றி அமைத்துக்கொண்டிருக்கலாம், எனவே நிர்வாகம் தவறவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். நடைமுறையில் மேசையில் குவிந்த கடிதங்கள் இடைவேளை தருமா என்பதை அலுவலகத்தில் வேலை பார்த்தவர் எவரும் அறிவார். அவர் நோயுற்றது 1993-க்கு முன் என்பதால் புதிய விதிகளின் கைகொடுப்பும் அவருக்கு இல்லை.

அமெரிக்காவில் மத்திய அரசு விழித்தது மிகத் தாமதம். 1990-ல் தொழிலாளர் துறைச் செயலர் எலிசபெத் டோல் உடலியக்கம் பற்றிய விதி கொண்டுவரப்படும் என்று அறிவித்தார். பத்து ஆண்டு இழுபறி. இடையில் நாடாளுமன்றமே அந்த வேலைக்குப் பணம் செலவிடக் கூடாது என்று நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களில் முட்டுக்கட்டை போட்டது. கடைசியில் கிளின்டன் ஆட்சி முடியும் தறுவாயில், 2000 நவம்பர் 14 அன்று விதி வெளியானது. தூக்குவது, தள்ளுவது, தட்டுவது எல்லாம் அதற்குள். 10 கோடிப் பேருக்கு மேல் அதன் வரம்புக்குள் வந்தார்கள். ஆண்டுக்கு 450 கோடி டாலர் செலவு, 910 கோடி டாலர் பயன் என்று அரசே கணக்கு காட்டியது. வணிகச் சங்கங்கள் அந்தச் செலவுக் கணக்கைக் கேலி செய்தன. 2001 ஜனவரி 16 அன்று விதி அமலுக்கு வந்தது. அதே மாதம் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கையும் வந்தது: தசை, எலும்பு வலியால் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேர் வேலைக்கு வர முடியாமல் போகிறார்கள், பணியிடச் சூழலுக்கும் இந்த வலிக்கும் தொடர்பு உண்டு.

அறிக்கையின் மை காயும் முன் புதிய நாடாளுமன்றம் களமிறங்கியது. அரசு விதிகளை ரத்து செய்ய 1996-ல் இயற்றி அதுவரை யாரும் வெற்றிகரமாகப் பயன்படுத்தாத ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். அதன்படி செனட்டில் விவாதத்துக்கு அதிகபட்சம் 10 மணி நேரம். மார்ச் 6-ல் செனட் 56-க்கு 44, மறுநாள் பிரதிநிதிகள் சபை 223-க்கு 206. மார்ச் 20-ல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். பத்து ஆண்டு உழைப்பு, சரியாக ஒன்பது வாரத்தில் போனது. போனது மட்டுமல்ல, அதே சாயலில் இன்னொரு விதியை நாடாளுமன்றத்தின் புதிய அனுமதி இல்லாமல் துறை கொண்டுவர முடியாது என்று அந்த ரத்துச் சட்டம் கதவையும் பூட்டிவிடுகிறது. பூட்டு இன்றும் தொங்குகிறது.

கலிஃபோர்னியாவில் மட்டும் 1997-ன் மாநில விதி தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆனால் அது எப்போது விழித்துக்கொள்ளும் என்று பாருங்கள்: ஒரே மாதிரி வேலை செய்யும் இருவருக்கு, 12 மாதத்துக்குள், மருத்துவர் சான்றோடு காயம் உறுதியாக வேண்டும். முதல் ஆளின் கை விதியை எழுப்பப் போதாது.

ஐரோப்பிய நெறிமுறைக்கு முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. கீபோர்டு திரையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்று அது சொன்ன நாளில் மேசைகளில் இருந்தவை கனத்த பெட்டிகள். நீண்ட நேரம் பயன்படுத்தாத கையடக்கக் கருவிகளை அது விலக்கி வைத்தது. பிறகு லேப்டாப்பே முழுநேர மேசையாகிவிட்டது. கேஷ் ரெஜிஸ்டரும் விலக்குப் பட்டியலில் உண்டு. இன்று கடையில் பில் போடுபவர் முன்னால் இருப்பதும் ஒரு திரைதான். கண் விவகாரம் மட்டும் நீதிமன்றம் வழியே நகர்ந்தது. ருமேனியாவில் க்ளுஜ் நகரத்துக் குடியேற்ற அலுவலகத்தில் திரை முன் வேலை பார்த்த ஊழியர் ஒருவர் பார்வை மங்கிக் கண்ணாடி வாங்கி, அதற்கான 2,629 லெய்யை அலுவலகத்திடம் கேட்டார். அலுவலகம் மறுத்தது. 2022 டிசம்பர் 22 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. திரை வேலை தொடர்பான பார்வைக் கோளாற்றைத் திருத்தும் மூக்குக் கண்ணாடி நெறிமுறைக்குள் வரும். முதலாளி வாங்கித் தரலாம், ஊழியர் செய்த செலவைத் திருப்பித் தரலாம். ஆனால் கடினமான பணிச்சூழலுக்கென்று எல்லோருக்கும் தரும் பொதுப்படி அதற்கு ஈடாகாது.

7-ம் பிரிவில் இன்னும் எண் ஏறவில்லை. இதற்கிடையே வேலை மேசையை விட்டு எழுந்து, சட்டைப்பையில் ஏறி, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மணியடிக்கத் தொடங்கியிருந்தது. அலுவலக நேரம் முடிந்தபின் அந்த மணிக்குப் பதில் சொல்லாதிருக்கும் உரிமை பற்றி, 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் ஊழியர்களோடு பேசியே ஆக வேண்டும் என்று 2017 ஜனவரி 1 முதல் பிரான்ஸ் சொன்னது. அடுத்த அத்தியாயம் அங்கிருந்து.

(தொடரும்)